பக்கத்துப் படுக்கையில் மாஸ்டர்

சிரிப்பு உண்டு, ஆனால் உடனே கிடையாது. இருபது நிமிடம் ஆகும். அந்தக் கணக்கு ஜெசிந்தா அக்காவுடையது. துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியைச் செவ்வந்தியின் வலது கணுக்காலில் வைத்து, மேலே பட்டையை இறுக்கி, இருபது நிமிடத்துக்குள் காலை அசைத்தால் முதுகுத்தோலை உரித்துவிடுவேன் என்று சொன்னவள் அவள்தான். அதுவரை சிரிக்கக் கூடாது. சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் கட்டில் குலுங்கும், ரெக்சின் உறை போட்ட பழைய இரும்புக் கட்டில் குலுங்கினால் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும். அந்தப் பக்கம் யார் வந்து படுக்கப் போகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் அதையும் இப்போது சொல்வதற்கில்லை. இந்த நிமிடத்தில் செவ்வந்திக்கே அது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மருந்துக்கடை மாடியில் இருக்கும் இந்தப் பிசியோதெரபி அறையும், கீழே பேருந்து நிலையத்திலிருந்து வரும் வத்தலக்குண்டு வத்தலக்குண்டு என்ற கூவலும் (கண்டக்டர் குரல், மேல் அண்ணத்தில் நாக்கை ஒட்டி மூக்கால் இழுக்க வேண்டும், அவளுக்கு அது ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டது), ஐஸ் உருகிக் குதிகாலில் இறங்கி ரெக்சினில் குளம் கட்டும் குளிர்ச்சியும், எதிர்ச் சுவரில் நாலு இருபதைக் காட்டும் கடிகாரமும்தான். முதல் ஐந்து நிமிடம் எரியும், அப்புறம் குத்தும், அப்புறம் கால் இருக்கிற இடமே தெரியாது என்று அக்கா சொல்லியிருந்தாள். இப்போது குத்துகிற கட்டம். கால் இருக்கிற இடம் நன்றாகவே தெரிகிறது. அது இந்த ஊருக்கே தெரிகிறது, அதுதான் சங்கடம். பத்து நாளாக இந்த ஊரில் செவ்வந்தியின் கணுக்காலைப் பற்றிப் பேசாத வாய் ஒன்றுதான், அது அவளுடைய வாய், அதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் பேசாமல் இருக்கிற வாய் என்று அது பேர் எடுத்ததில்லை.

பதினேழு வயது, ஐந்தடி பத்தரை அங்குலம், அந்த உயரம் முழுக்கக் குரல். யார் பேசினாலும் அரை நிமிடம் கேட்டால் போதும், அந்தக் குரல் எங்கே குடியிருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிடும். அம்மாவின் குரல் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில், ஜெசிந்தா அக்காவின் குரல் மூக்கு நுனியில், வடகரை அணியின் செக்ரட்டரி குருநாதன் சாருடையது அடிவயிற்றில், கம்பி ஏற்றிய லாரி பள்ளத்தில் இறங்குகிற மாதிரி. இரும்புக்கடைக்காரருக்கு வேறு எப்படி இருக்கும். அந்தக் குரலைப் பிடிக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. பிடித்த மறுநாளே, கடை நம்பர் இல்லை, புது நம்பர் என்று சொல்லி, அணிப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் போன் போட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும், வராதவளுக்கு ஜெர்சி கிடையாது என்று அடிவயிற்றிலிருந்து உறுமினாள். பதினொரு பேரும் வந்து பூட்டிய கேட்டின் முன்னால் நின்றார்கள். அதில் கேப்டன் வளர்மதியும் உண்டு. வளர்மதி செக்ரட்டரியின் சொந்த மகள். அப்பா கடையிலிருந்து பேசுகிறார் என்று நினைத்து, காலையில் வீட்டுக் கட்டிலில் அவர் குறட்டை விடுவதைத் தாண்டி வந்து கேட்டில் நின்றாள். செவ்வந்தியை இருபது சுற்று ஓட விட்டார் செக்ரட்டரி. ஒவ்வொரு சுற்றையும் அவருடைய குரலிலேயே எண்ணிக்கொண்டு ஓடினாள், பதினேழாவது சுற்றில் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கியதைப் பார்த்தாள். சிரித்த ஆள் கை விடமாட்டார் என்று அப்போது நினைத்தாள். நினைப்புத்தானே. வயதான குரல்கள் சுலபம், வயதாக ஆக ஆணும் பெண்ணும் ஒரே நூலுக்கு வந்துவிடுகிறார்கள். தென்கரை அணியின் கோச் ஆரோக்கியம் மாஸ்டரின் குரலை அவள் ஒரு மதியத்தில் பிடித்துவிட்டாள், மெல்லிசாகக் கீறல் விழுந்த குரல், ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் பல்செட்டை நாக்கால் ஒரு தட்டு, பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் முதுகு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் வாயில் பாராட்டு என்று ஒன்று வந்தால் அது இவ்வளவுதான்: இன்னும் கெட்டுப் போகல. மாஸ்டர் தோள்பட்டை இறுகிப்போய் செவ்வாயும் வெள்ளியும் இதே நேரத்துக்கு இங்கே வருகிறவர். இன்று வெள்ளிதான், ஆனால் பேத்தி ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டார், சொல்லாமல் போயிட்டார் மனுஷன் என்று அக்கா ஐஸை நொறுக்கும்போது புலம்பினாள்.

ஊருக்கு நடுவில் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை, இரண்டுக்கும் பெண்கள் பாஸ்கெட்பால் அணி, சுற்றுவட்டாரத்தில் இன்னும் நாலு. சித்திரை பிறந்ததும் ஆறு அணிக்காரர்களும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து புதுப் பிள்ளைகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நோட்டீஸில் அது புதுமுகத் தேர்வு, ஊர் வாயில் பிள்ளை எடுப்பு. யார் முதலில் எடுப்பது என்று சீட்டுக் குலுக்குவார்கள். எடுத்த பிள்ளை மூன்று வருஷத்துக்கு அந்த அணிக்கு. இந்த வருஷம் முதல் சீட்டு வடகரைக்கு விழுந்தது, வரிசையில் நின்ற பதினெட்டுப் பேரையும் செக்ரட்டரி கம்பி எடை பார்க்கிற கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டு, செவ்வந்தி என்றார். மண்டபத்தில் யாரோ விசிலடித்தார்கள். அந்த விசிலை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், வேண்டும்போது உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்துக்கொள்வாள். பக்கத்தில் நின்ற ஹசீனாவை எந்த அணியும் எந்தச் சுற்றிலும் எடுக்கவில்லை; ஐந்தடி இரண்டு அங்குலம், யார் எடுப்பார்கள். அன்று ஹசீனா மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, பரவால்ல, நீ மேல பாத்து ஆடு, நான் கீழ பாத்து ஆடிக்கிறேன் என்றாள். அப்புறம் முதல் மேட்ச், அப்புறம் மூன்றாம் கால்பாக ஆட்டம், அப்புறம் அந்த எழும்பல், அப்புறம் கணுக்கால். அதே வாரம் ஹசீனா பள்ளிகள் போட்டியில் இருபத்தாறு பாயிண்ட் எடுத்தாள். இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும். சலூனில்: (தொண்டையில் வெற்றிலை) உயரத்தப் பாத்து எடுத்தா இப்படித்தான், தென்னை மரமா எடுக்கப் போறோம். டீக்கடையில்: (கீச்சு) பஸ்ட் சீட்ட வச்சுக்கிட்டு நொண்டிய எடுத்தாய்ங்க பாரு. பூ மார்க்கெட்டில்: (இழுத்து) அந்தப் பிள்ள வாய்க்கு வந்த வெனை. எல்லாக் குரலும் அவளுக்கு வரும், படுத்தபடியே ஒவ்வொன்றாய் உதட்டுக்குள் பேசிப் பார்த்தாள், பேசிப் பார்த்தால் ஒரு வசதி, பேசுகிறவனைக் கோமாளியாக்கிவிடலாம். ஆனால் ஒரு பேச்சு மட்டும் யார் குரலில் போட்டாலும் கோமாளியாகாமல் அப்படியே நிற்கிறது: ரெண்டு பேர் நடுவுல தானே எறிஞ்சா பாரு. இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தது உண்மை. அவள் எழும்பியது உண்மை. பந்து கையை விட்டது. அங்கே வந்ததும் நினைப்பு ரெக்கார்டு தேய்ந்த மாதிரி மறுபடி பின்னால் போய்விடும், இரண்டு பேர், எழும்பல், பந்து கையை விட்டது, மறுபடி இரண்டு பேர். அதற்கு அடுத்தது நேரே கீழே, அடுத்தவளுடைய ஷூ மேல் இவளுடைய பாதம், ஈரக் குச்சியை முறிப்பது போல ஒரு சத்தம். எலும்பு முறியவில்லை, தசைநார் மட்டும், ஆறு வாரம் என்றார் டாக்டர். லீக் எட்டு வாரம். ஆறைக் கழித்தால் இரண்டு வாரம் மிச்சம் இருக்கிறது, அந்த இரண்டில் ஊர் வாயை அடைத்துவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் வேறு இடத்தில். புதுப் பிள்ளைக்கு அடிபட்டால் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடுபடாமல் நிற்கிறவர்களில் ஒருத்தியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. திருப்பிக் கொடுத்த பிள்ளையை இடம் காலியாக இருக்கிற வேறு அணி வேண்டுமானால் எடுக்கலாம், எடுக்காவிட்டால் அந்த வருஷம் முழுக்க வெளியே. வெளியே என்றால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லை என்றால் சென்னைக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு இல்லை, அது இல்லை என்றால் அவள் மார்க்குக்கு அங்கே கேட்டைத் திறந்துவிடக்கூட ஆள் வரமாட்டான். இன்று பத்தாம் நாள். மாலை ஐந்து மணி வரை. செக்ரட்டரி செய்யமாட்டார். முதல் சீட்டில் எடுத்தவர், சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் இல்லை. நாலு இருபத்தாறு.

படியில் கனமான செருப்புச் சத்தம். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. திரைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா அக்கா மூக்கு நுனியால், மெதுவா சார், இடுப்ப நேரா வைங்க, பெல்ட்டு போடுறேன் என்பது கேட்டது. அதற்கு வந்த பதிலில் கம்பி லாரி பள்ளத்தில் இறங்கியது. செவ்வந்திக்கு மயிர்க்கால் எல்லாம் சிரித்தது. செக்ரட்டரி. இரும்பு தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவர். நெஞ்சுக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒரு பெல்ட், காலடியில் ஒரு மிஷின், அது ஊம்ம்ம் என்று இழுக்கும், டக்கென்று விடும், மறுபடி இழுக்கும், அரை மணி நேரத்துக்கு எழவும் முடியாது புரளவும் முடியாது, மல்லாக்கப் படுத்து மோட்டுவளையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அக்கா கட்டிவிட்டுக் கீழே போனாள். இப்படி ஒரு ஆள், இப்படி ஒரு நிலைமையில், கை எட்டுகிற தூரத்தில், நடுவில் ஒரு துணி. கடவுள் யாருக்காவது இப்படித் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாரா. என்ன குரல் போடலாம். அவருடைய சம்சாரமா, இரும்புக்கடைக் கணக்குப்பிள்ளையா, இல்லை அவருடைய குரலையே அவருக்குப் போட்டு, குருநாதா நான் உன் மனசாட்சி பேசுறேன் என்று… அங்கேதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலைக் குலுங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தது. சிரித்திருக்கலாம், ஆனால் அதற்குள் அவர் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். லீக்கின் கூட்டுச் செயலாளரோடு. இடுப்பு எப்படி இருக்கிறது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், அதற்கு நாலு வரி. மழை வருமா என்றதற்கு இரண்டு வரி. அப்புறம், ஃபார்ம் பாக்கெட்டில்தான் இருக்கிறது, அஞ்சு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், பேரை மாற்றிவிடுவோம், செவ்வந்திக்குப் பதில் ஹசீனா என்றார். பக்கத்துக் கடையில் அரை கிலோ ஆணி கேட்கிற குரலில் சொன்னார். அந்தப் பக்கம் கால் சரியாகிவிடுமே என்று கேட்டிருப்பார் போல.

"கால் ஆறிரும்ணே. ரெண்டு பேரு நடுவுல நானே போட்டு நானே ஜெயிப்பேங்கிற புத்தி இருக்கு பாருங்க, அது ஆறாது."

ஐஸ் அக்கா சொன்னபடி வேலை செய்யத் தொடங்கியிருந்தது, கால் இருக்கிற இடம் தெரியவில்லை, ஆனால் அந்த மரப்பு முழங்காலைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி மேலே ஏறியது. அப்படியானால் பதினேழாவது சுற்றில் குலுங்கிய அந்தத் தோள். அந்த விசில். மூன்று வருஷம் என்று மண்டபத்தில் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடாமல் சட்டையில் செருகி மையைக் கொட்டிக்கொண்ட அந்தக் கை. சரி, அவர் இடத்திலிருந்து பார்த்தால்? பார்த்தாள், குரலைப் பிடித்த அளவுக்கு அந்த ஆளையும் பிடித்துவைத்திருந்ததால் சுலபமாக உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது: நாலு வருஷமாகக் கோப்பை தென்கரைக்குப் போகிறது, சொந்த மகள் கேப்டன், அவளுக்குக் கடைசி வருஷம், முதல் சீட்டில் எடுத்த பிள்ளை முதல் மேட்சிலேயே காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறது, எடுக்காமல் விட்டது இருபத்தாறு பாயிண்ட் போடுகிறது. நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேனா. மாற்றியிருக்க மாட்டேன். ஏன் மாட்டாய், சொல்லு பார்ப்போம். ஹசீனா இன்றைக்கே ரெடியான பிள்ளை, கீழே பார்த்து ஆடுகிறவள், இருக்கிற திறமை அத்தனையும் வெளியே தெரிகிறது. எனக்கு இன்னும் பாதி வெளியே வரவில்லை. மூன்று வருஷத்துக்கு எடுக்கிற பிள்ளையை ஒரு வாரத்தை வைத்து எடை போடுகிறவன் இரும்புக்கடை வைத்திருக்கலாம், அணி வைத்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி அவளுடைய குரலில் வரவில்லை. மெல்லிசாக, கீறலாக, பல்செட்டைத் தட்டிக்கொண்டு வந்தது. தற்செயலாகத்தான் வந்தது. கட்டிலும் தற்செயலாகத்தான் கிறீச்சிட்டது.

"பக்கத்துல யாரு, மாஸ்டரா?"

இன்று வெள்ளி. மாஸ்டர் வருகிற நேரம். ஞானஸ்நானம் செக்ரட்டரிக்குத் தெரியாது. செவ்வந்தி கண்ணை மூடினாள், நாக்கால் பல்வரிசையை ஒரு தட்டுத் தட்டினாள், மேல்தொண்டையில் ஒரு செருமல்.

"பேசுனதெல்லாம் கேட்டுட்டீங்களாக்கும்," என்றார் செக்ரட்டரி. குரலில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்தான். ஆரோக்கியம் மாஸ்டர் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு பி.டி. வாத்தியார்.

"தோளுதானப்பா இறுகிப்போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

நம்பிவிட்டார். மிஷின் ஊம்ம்ம் என்று இழுத்தது, டக்கென்று விட்டது. சிரிப்பு வந்து மூக்குத் துவாரம் வரை எட்டிப் பார்த்தது, செவ்வந்தி அதைக் கட்டைவிரலால் அடைத்தாள். இப்போது அவசரப்படக் கூடாது. நல்ல பிள்ளை, வைத்துக்கொள் என்று மாஸ்டர் சொன்னால் உடனே தெரிந்துவிடும், அந்த மனுஷன் பெற்ற மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே இன்னும் கெட்டுப் போகல என்று சொன்னவர். செக்ரட்டரி கேட்டார், நீங்களா இருந்தா என்ன செய்வீங்க மாஸ்டர், உண்மையச் சொல்லுங்க என்று. உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டால் மாஸ்டர் உண்மையைத்தான் சொல்வார், வேறு வழியில்லை. பதினோராம் நம்பரத்தானே கேக்குற, என்று தன் முதுகு நம்பரைச் சொல்லி ஆரம்பித்தாள். இடது கை சும்மா தொங்குது, அதுல ஒரு பையக் குடுத்துக் கடைக்கு அனுப்பலாம். எழும்புறதுக்கு முன்னாடி எங்க எறங்கப் போறோம்னு பாக்குறதில்ல. தடுத்து ஆடும்போது தூங்குது. பந்து கையில இல்லாத நேரமெல்லாம் வேடிக்க பாக்குது. ஒவ்வொன்றும் சொல்லச் சொல்ல, வேடிக்கைக்காகத் தேடி எடுத்ததாக நினைத்த கற்கள் ஒவ்வொன்றும் கனமாக இருந்தன, ஏனென்றால் ஒன்றுகூடப் பொய்யில்லை. எங்கே இறங்கப் போகிறோம் என்று அவள் பார்த்ததே இல்லை. இறங்குகிற இடம் எப்போதும் இருந்தது, அதனால் பார்க்கவில்லை. இதை யாரும் இவளிடம் சொன்னதில்லை, டீக்கடையும் சலூனும் சொன்னது எல்லாம் காற்று, தன்னைப் பற்றி முதல் உருப்படியான பேச்சை இப்போதுதான் கேட்கிறாள், அதுவும் தன் வாயால், கிழவர் குரலில். பரவாயில்லை, சரிசெய்து கொள்ளலாம். ஆறு வாரம் இடது கையால் சுவரில் பந்து தட்டலாம், அதற்குக் கால் வேண்டியதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் செக்ரட்டரி ஆமாம் ஆமாம் என்று முனகினார், எடுத்த முடிவுக்கு ஆள் கிடைத்த நிம்மதி. இப்போது.

"அதனால திருப்பிக் குடுத்துரு குருநாதா. நல்ல முடிவு."

ஊம்ம்ம். டக். கீழே வத்தலக்குண்டு வத்தலக்குண்டு.

"சாயந்தரமே குடுத்துரு," என்றாள் மாஸ்டர் குரலில், கொஞ்சம் அவசரமாக, அவசரத்தை மறைக்கப் பார்க்கிற கிழவரின் அவசரம் அது, அதை மட்டும் அவள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. "எங்களுக்கும் ஒரு எடம் காலியாத்தான் கெடக்கு. அது கெடக்கட்டும், அத ஏன் இப்பப் பேசிக்கிட்டு."

அந்தப் பக்கம் முனகல் நின்றது. அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, தென்கரையில் ஒரு பிள்ளை கல்யாணமாகிப் போய்விட்டது செக்ரட்டரிக்குத் தெரியும். இரண்டு, காலி இடம் உள்ள அணி திருப்பிக் கொடுத்த பிள்ளையை எடுக்கலாம் என்பது தெரியும். மூன்று, தென்கரைக்காரன் வடகரைக்காரனுக்கு நல்ல புத்தி சொன்னதாக இந்த ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சேதியும் கிடையாது. தென்கரை வேண்டாம் என்ற பொருளை வடகரை தொடாது, தென்கரை வேண்டும் என்ற பொருளை உடைந்திருந்தாலும் விடாது; ஒரு தரம் தென்கரைக்காரர்கள் விலை பேசிய ஒரு ஓட்டை ஸ்கோர் போர்டை இவர்கள் வாங்கி வந்து இன்றுவரை வெறுமனே மாட்டி வைத்திருக்கிறார்கள். நாலு. செக்ரட்டரியின் குரல் வந்தபோது லாரி பள்ளத்தில் இல்லை, மேட்டில் முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தது.

"எடம் காலின்னா ஹசீனாவ எடுத்திருக்கலாமே மாஸ்டர். ஏன் எடுக்கல?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை, ஆனால் மாஸ்டர் தயாராக இருந்தார். குரலை ஒழுங்காகப் பிடித்துவிட்டால் அதுவே பதில் சொல்லிக்கொள்ளும்.

"அந்தப் பிள்ள இந்த வருசம் ஆடும். நான் இந்த ஒரு வருசத்துக்கா உக்காந்திருக்கேன்? பதினோராம் நம்பர் இன்னும் கெட்டுப் போகல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே விருது வாங்கின மாதிரி இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறந்து. திரைக்கு அந்தப் பக்கம் போனில் விரல் படுகிற டிக் டிக். அண்ணே, நாந்தான், அந்த ஃபார்ம் வேணாம்ணே, மாத்தல, ஆமா, செவ்வந்தியே இருக்கட்டும், இல்ல யோசிச்சுத்தான் சொல்றேன், நான் சொன்னாத்தான் சொன்னேன். அவ்வளவுதான். நாலு நாற்பத்தொன்று. சென்னைக் கல்லூரியின் கேட்டை யாரோ திறந்துவிட்டார்கள். ஹசீனாவின் முகம் வந்தது, செருப்பைத் தேடிக்கொண்டு குனிந்த முகம், போன வாரம் வீட்டுக்கு ஒரு பை மாம்பழத்தோடு வந்து காலைப் பார்த்துவிட்டு, பேச வந்ததைப் பேசாமல் போன முகம். தென்கரையில் உண்மையிலேயே ஒரு இடம் காலியாக இருக்கிறது. நிஜ மாஸ்டர் ஊருக்கு வந்ததும் அவருக்குக் குருநாதன் குரலில் ஒரு போன் போட்டு, ஹசீனாவைத் தொட்டுவிடாதீர்கள், அவள் எங்களுக்கு வேண்டும் என்று சொன்னால் போதும், பொழுது விடிவதற்குள் ஹசீனா தென்கரையில் இருப்பாள். எல்லாருக்கும் வழி இருக்கிறது, குரல் இருந்தால். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு ஜெசிந்தா அக்கா வரும் வரை கிழவரைத் தூங்க வைத்துவிடுவது, லேசாக ஒரு குறட்டை, மாஸ்டரின் குறட்டை எப்படி இருக்கும், பல்செட்டைக் கழற்றிவிட்டா போட்டுக்கொண்டா. அதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் செக்ரட்டரி தனக்குத்தானே சொல்கிற மாதிரி, சமாதானம் ஆகாத ஒரு மூலையிலிருந்து பேசினார். எல்லாம் சரி மாஸ்டர், ஆனா ஒண்ணு மட்டும் எனக்குச் செமிக்கலை, அன்னைக்கு ரெண்டு பேரு நடுவுல, கூட ஆடுறவள ஒருத்தியக்கூடப் பாக்காம, தானே எறியணும்னு எறிஞ்சா பாருங்க.

இரண்டு பேர். எழும்பல். பந்து கையை விட்டது. ரெக்கார்டு தேய்ந்த இடத்துக்கு வந்தது, பின்னால் போகவில்லை. பந்து கையை விட்டு வளையத்துக்குப் போகவில்லை, வளையத்தை அவள் பார்க்கக்கூட இல்லை, இரண்டு அக்குளுக்கு நடுவில் ஒரு சந்து தெரிந்தது, அந்தச் சந்து வழியாகப் பலகைக்குக் கீழே வலது ஓரத்தில் வடகரையின் மஞ்சள் ஜெர்சி ஒன்று, யாருமே காவல் இல்லாமல் தனியாக, கைகள் இரண்டும் தலைக்குப் பின்னால். பந்து அங்கேதான் போனது. மஞ்சள் ஜெர்சியின் தோளுக்கு மேலே போய்ப் பலகையின் ஓரத்தில் பட்டு வெளியே போனது. பார்த்தவர்களுக்கு அது வளையத்துக்கு எறிந்து தவறிய பந்து. கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது அந்த மஞ்சள் ஜெர்சி ஓடி வந்து குனிந்தது, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், அந்த முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை, ஊரில் அத்தனை பேர் குரலும் வருகிற வாய்க்குத் தன் குரல் வரவில்லை. பத்து நாள். கிழவரைத் தூங்க வைக்க வேண்டும் என்று இப்போதும் நன்றாகவே தெரிந்தது.

"அது எறிஞ்சது இல்ல. பாஸ்," என்றாள். "பலகைக்குக் கீழ நாலாம் நம்பர் சும்மா நின்னுச்சு. அதுக்குப் போட்ட பாஸ். அந்தப் பிள்ள ரப்பர்பேண்டு அவுந்து கொண்டையப் போட்டுக்கிட்டு நின்னுச்சு, பாக்கல. அம்புட்டுத்தான்."

நாலாம் நம்பர் வளர்மதி. செக்ரட்டரியின் மகள். சொன்னது மாஸ்டரின் குரல்தான், பல்செட், கீறல், நம்பர், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, ஒரு பிசிறு இல்லை. அந்தப் பக்கம் மிஷின் இழுத்தது. விட்டது. இழுத்தது. போன் அவர் நெஞ்சில் கிடக்க வேண்டும். மூச்சு விடும்போது பெல்ட் கொக்கியில் அது மெல்ல உரசுகிற சத்தம் கேட்டது, அதை எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது, ஒரு போன் போட அரை நிமிடம் போதும். ஐஸ் தண்ணீர் ரெக்சின் விளிம்பைத் தாண்டித் தரையில் சொட்டியது. செவ்வந்தி அசையவில்லை.

"அத எம் மக எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா மாஸ்டர்," என்றார் செக்ரட்டரி மெதுவாக. "அன்னைக்கே அழுதுக்கிட்டே சொல்லிட்டா. நாந்தான் வெளிய சொல்ல வேணாம்னேன். கேப்டன் பேரு கெட்டுப்போகும்னு. அதான் அந்தப் பிள்ளையே எறிஞ்சான்னு ஊரோட சேந்து நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

மிஷின் டக்கென்று விட்டது. இந்த முறை மறுபடி இழுப்பதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார், கம்பிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைக்கிற மாதிரி. கம்பியெல்லாம் இறங்கின லாரியின் குரல் எப்படி இருக்கும் என்று செவ்வந்தி இதுவரை கேட்டதில்லை.

"ஐஸு வச்சு எம்புட்டு நேரமாச்சு, செவ்வந்தி? கால ஊன முடியுதாம்மா?"